ஐயோ என்றால் போகலாம் என்று அர்த்தம்

வெள்ளிக்கிழமை, பகல் 1.00. மேடான் விமான நிலையத்தில் இறங்கினோம். சுமத்ரா தீவின் பெரிய ஊர். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். மாயவரத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போக ஆகும் நேரத்தில் பாதி. அந்த ஒன்றேகால் மணி நேரமும் மாப்பிள்ளை ஜெயசீலன் வாயைத் திறந்தபடி தூங்கினார். பணிப்பெண் வைத்துவிட்டுப் போன அவருடைய ரொட்டியை நான்தான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை எஸ்தரின் கணவர். முப்பத்தொன்பது வயது. சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு கிராமம். ஒன்பது வருடமாக சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். தன்னைப் பார்க்க வரச்சொல்லி எனக்கு டிக்கெட் அனுப்பியவர் அவர். எரிமலை பார்க்க வேண்டும் என்று கேட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுக்க நான் ஊரார் மேல் எரிந்து விழுவது போலத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கல்லே கிடையாது. ஜல்லி வேண்டுமென்றால்கூட லாரியில் வர வேண்டும். கோபுரத்தை விட்டால் அடுத்த உயரம் ஆற்றங்கரைதான். கடலைப் பார்த்து இவ்வளவு சோம்பலாகச் சரிகிற மண்ணில் நாற்பத்தேழு வருடம் நடந்தவனுக்கு, பூமி ஓர் இடத்திலாவது எழுந்து நின்று கத்துவதைக் காதால் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவும் எந்த வருடம்? இரண்டாவது வருடமாக ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறக்காமல், குறுவை போய், சம்பாவும் சந்தேகமாகி, வயலெல்லாம் கை விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த வருடம். வீட்டுக்கு ஒருவன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தான். அந்த வெடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துதான் நான் விமானம் ஏறினேன். ஏறியவன் சும்மா இருந்திருக்கலாம்.

சிங்கப்பூரில் மூன்றாம் நாளே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பக்கத்துலதான எரிமலையெல்லாம் இருக்கு மாப்பிள்ளை?" அவ்வளவுதான். மறுநாளே வெள்ளியும் சனியும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். டிசம்பரில் ஊருக்கு வர அவர் சேர்த்து வைத்திருந்த லீவு அது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மனைவியின் அண்ணன் கேட்டதை முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தங்கையைக் கட்டியவர் சொல்வதை வேண்டாம் என்று மறுக்க எனக்கு வாய் வராது. இந்த வராத வாய் இரண்டும் சேர்ந்துதான் மலை ஏறின.

பகல் 2.15. மேடானிலிருந்து பெராஸ்தாகி அறுபத்தாறு கிலோமீட்டர். ஆளுக்கு ஆறாயிரம் ரூபியா. நம் காசில் முப்பத்திரண்டு ரூபாய். பஸ்ஸின் கூரையில் மூங்கில் கூடைகள், கூரைக்குக் கீழே எங்கள் முழங்கால்கள். நகரம் முடிந்ததும் சாலை சுருண்டு சுருண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு துணியைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குளிர்ந்த துணியைப் போர்த்தியது. நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மணி பாத்துக்கிட்டே வர்றீங்க?"

"திங்கக்கிழமை காலையில ஆறேகாலுக்கு பட்டறை லாரி, மச்சான். அதுல நான் ஏறியிருக்கணும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே."

"உங்களுக்குத் தெரியாது. போன மாசம் நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், லீவு அன்னிக்கு சைக்கிள்ல விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டான். வெளியில பட்ட அடிக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு, பெர்மிட்ட கேன்சல் பண்ணி, கட்டோட பிளேன் ஏத்தி விட்டுட்டானுவ. சூப்பர்வைசர் கண்ணுல ஒரு பிளாஸ்திரி படக்கூடாது. மூத்தவ நர்சிங்ல ரெண்டாவது வருசம். அவ முடிக்கிற வரைக்கும் என் உடம்பு என் உடம்பு இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை இன்று செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பெராஸ்தாகியில் ஒரு விடுதி, இருவருக்கு நாற்பதாயிரம் ரூபியா. முட்டைக்கோசும் காரட்டும் ஆரஞ்சுமாகக் கடைத்தெரு. ஊருக்குப் பின்னால், யாரோ எழுந்து போக மறந்த மாதிரி, சிபாயக் மலை உட்கார்ந்திருந்தது. உச்சியில் ஓரமாக வெள்ளையாக ஒரு புகை. அதைப் பார்த்து நான் ஏதோ கவிதையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை, "அடுப்ப அணைக்க மறந்துட்டுப் போயிட்டாளுவ போலருக்கு" என்றார். அவர் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

விடுதிக்காரர் ஒரு வழிகாட்டியைக் கூட்டிவந்தார். ரூடி. முப்பது வயதிருக்கும், கழுத்தில் சுற்றிய கைலி மாதிரிச் சாரம், காதில் சொருகிய சிகரெட். எண்பதாயிரம் ரூபியா கேட்டான். மாப்பிள்ளைக்கு பட்டறை மலாய் தெரியும். ரூடி பேசும் பாஷையும் அதற்கு அண்ணன் தம்பிதான். முழுப் பெயரைக் கேட்டார். குலப்பெயரோடு சொன்னான்: ரூடி சிம்பிரிங் சோலியா.

மாப்பிள்ளை துள்ளிவிட்டார். "சோலியா! மச்சான், சோழன்! இவங்க குலத்துல சோலியா, பாண்டியான்னு பிரிவெல்லாம் உண்டாம். நம்ம ஆளு மச்சான் இவன்!"

"நம்ம ஆளா இருந்தா எம்பதாயிரம் கேப்பானா?"

"நம்ம ஆளா இருந்ததாலதான் எம்பதாயிரத்தோட விட்டான்."

கப்பல் கட்டிக் கடல் கடந்த அரசர்களைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு. அந்த மேடைகளுக்கு முன்னால் நானும் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன். இப்போதும் எங்கள் ஆட்கள் கடல் கடக்கிறார்கள். இடுப்பில் வாள் இல்லை, சட்டைப் பையில் வொர்க் பெர்மிட் இருக்கிறது. அதை நினைத்து எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்ம ஆளு என்ற சொல்லில் எனக்கும் கொஞ்சம் குளிர் காய முடிந்தது.

சனிக்கிழமை, காலை 6.10. கிளம்பினோம். மாப்பிள்ளை காலில் ரப்பர் செருப்பு. விடுதியில் வாடகைக்கு ஷூ இருந்தது, ஜோடி ஐந்தாயிரம். நான் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அவர் தொடவில்லை.

"வாரம் ஆறு நாள் இரும்புக் கொண்டை வச்ச சேப்டி பூட்ஸ்ல கெடக்குற காலு மச்சான். ஒரு நாளாவது காத்து வாங்கட்டும்."

ரூடி செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான். நான் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்று பெண் வீட்டார் மாலை போட்டுக் கூட்டிவந்த ஆளை, "ஷூவ மாட்டுங்க" என்று அதட்டுகிற மச்சினன் எங்கள் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் தார்ச்சாலை, பிறகு காட்டுக்குள் உடைந்த படிக்கட்டு. மரங்களின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் மேல் பனி. ஏற ஏற எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு அறுந்தது. தட்டை பூமிக்காரனின் தொடை அதற்கெல்லாம் பழக்கப்பட்டதில்லை. "ஐயோ" என்றேன் நான். "ஐயோ ஐயோ" என்றார் மாப்பிள்ளை. முன்னால் போன ரூடி திரும்பிப் பார்த்து, "ஆயோ, ஆயோ" என்றான்.

"பாவம் மச்சான், மலைக்காரன், அவனுக்கே மூச்சு வாங்குது பாருங்க."

"வாங்குற மூச்சுக்கு இன்னும் வேகமா போறானே மாப்பிள்ளை."

உண்மையில் அப்படித்தான் நடந்தது. நாங்கள் ஐயோ என்று முனகும் ஒவ்வொரு தடவையும் அவன் இரண்டு படியாகத் தாவினான். எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. சிங்கப்பூரில் சீனர்கள்கூட ஐயோ என்கிறார்கள், மலாய்க்காரர்களும் ஐயோ என்கிறார்கள், உலகத்துக்கே நாம் கொடுத்த சொல் மச்சான் என்று மாப்பிள்ளை பெருமைப்பட்டார்.

காலை 8.40. மரங்கள் முடிந்தன. அதற்குப் பிறகு சாம்பல் நிறப் பாறைகளின் ஒரு பெரிய கிண்ணம். சத்தம்தான் முதலில் வந்தது. எங்கள் ஊர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் கொதிகலனைத் திறந்துவிட்டால் ஒரு சீறல் வருமே, அதை ஐம்பது மடங்காக்கி, நிறுத்தாமல் விட்டது மாதிரி. பாறையின் ஓட்டைகளிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டது. ஓட்டைகளின் உதட்டில் கந்தகம் படிந்திருந்தது. அந்த நிறத்தை மஞ்சள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எங்கள் மஞ்சளில் மங்கலம் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருகிற வாடை. தொண்டை கரகரத்தது. கண்ணில் நீர். நான் நின்று அழுதேன், புகையினால் மட்டும் அல்ல. நாற்பத்தேழு வருடம் காத்திருந்த சத்தம் அது.

ரூடி கிண்ணத்தின் ஓரமாகப் பெரிய கற்களின் மேல் கால் வைத்துச் சுற்றிப் போனான். ஐம்பது அறுபது அடி முன்னால் போய்விட்டான். ஆவி அவனை மூடும், திறக்கும். அவன் சுற்றிக்கொண்டு போன இடத்தில், கற்களுக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு சேற்றுத் தரை. மேலே காய்ந்து, தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது.

எங்கள் வயல். அப்படியே எங்கள் வயல்.

மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றார். "இவன் எதுக்கு மச்சான் இம்மாந் தூரம் சுத்துறான்? குறுக்க போனா நாலு எட்டு."

எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. வெடிப்பில் நகம் நுழைந்தால் ஆள் தாங்கும், விரல் நுழைந்தால் மாடு தாங்கும், உள்ளங்கை நுழைந்தால் டிராக்டர் தாங்கும். சேற்றில் பிறந்தவனுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, உள்ளங்காலே படித்துக்கொள்ளும். மாப்பிள்ளை குனிந்து வெடிப்புக்குள் விரலைவிட்டுப் பார்த்தார். நுழைந்தது. நின்ற கல்லிலிருந்தே குதிகாலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். காய்ந்த சத்தம். "மாடு தாங்கும்" என்றார்.

நானும் அதே மண்ணில் பிறந்தவன். என் உள்ளங்காலும் தாங்கும் என்றுதான் சொன்னது. ஆனால் நடுவில் ஒரு வெடிப்பிலிருந்து நூல் மாதிரி ஆவி எழுவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். காய்ந்த வயலிலிருந்து ஆவி வராது என்று என் மூளை சொன்னது. வாய் திறந்தது. "மாப்பிள்ளை..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் ஆவாது மச்சான். சேத்துல கால் வைக்காதவனா நான்?"

அதற்குமேல் நான் பேசவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் ஆகாது என்று சொன்னபின் மச்சினன் மறுபேச்சுப் பேசக் கூடாது. அந்த நாசமாய்ப்போன மரியாதையை நான் ஆறாயிரத்து ஐந்நூறு அடி உயரம் சுமந்துகொண்டு போயிருந்தேன்.

இடது காலை வைத்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம். கால் கணுக்காலுக்கு மேல், பாதிக் கெண்டைக்கால்வரை, உள்ளே போனது. உள்ளே இருந்தது தண்ணீர் அல்ல, கூழ். கொதிக்கிற கூழ்.

"ஐயோ! ஐயோ! மச்சான், ஐயோ!"

ஆவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரூடியின் குரல் உற்சாகமாக வந்தது. "ஆயோ! ஆயோ!"

மாப்பிள்ளையின் உடம்பு முன்னால் சாய்ந்தது. இன்னொரு எட்டு வைத்தால் இன்னொரு காலும் போகும். நான் கத்தினேன். "டேய்! முன்னால போவாதடா! பின்னால சாயிடா! டேய் ஜெயசீலா, சாயிடா!" சாய்ந்தார். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கல்லின் மேல் இருவரும் மல்லாந்து விழுந்தோம். செருப்பு உள்ளேயே போய்விட்டது. காலைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு பசை மாதிரி ஒட்டி வெந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டில் குடிதண்ணீரையும் ஊற்றிச் சேற்றை வழித்தேன். சேற்றோடு வேறு ஏதோவும் வந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

"ஐயோ, யோவ், வாய்யா இங்க! ஐயோ!" என்று ஆவியைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆயோ! ஆயோ!" குரல் இப்போது இன்னும் தூரத்தில். கைதட்டல் வேறு.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். ஒரு மனிதன் வேகிறான், இவன் எங்கள் அலறலை எங்களுக்கே திருப்பிச் சொல்லிக் கைதட்டுகிறான் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. கல்லே இல்லாத ஊர்க்காரன் கைக்கு ஒரு கல் கிடைத்தது. குரல் வந்த திசையில் வெறியோடு வீசினேன். ஆவிக்குள் போய் எதிலோ மெத்தென்று பட்டது. ஒரு அலறல். அது அவர்களுடைய பாஷை அலறல்.

ரூடி பாறைகளின் மேல் தாவி வந்தான். இடது தோளைப் பிடித்திருந்தான். முகம் சிவந்திருந்தது. என்னை அடிக்கத்தான் வந்தான். இரண்டடி தூரத்தில் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே கலைந்தது.

கழுத்துச் சாரத்தை அவிழ்த்து நீளமாக முறுக்கினான், மாப்பிள்ளையை முதுகில் ஏற்றி, சாரத்தால் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டான். நடந்தான்.

காலை 9.20 முதல் 11.45 வரை. ஏறியது இரண்டரை மணி நேரம். இன்னொரு ஆளை முதுகில் சுமந்துகொண்டு அவன் இறங்கியதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். நான் பின்னால், ஷூ போட்ட இரண்டு நல்ல கால்களோடு. வழியில் ஒரு ஓடையில் மாப்பிள்ளையின் காலை அரை மணி நேரம் குளிர்ந்த நீருக்குள் வைத்திருந்தோம். அங்கேதான் இருவரும் பேசினார்கள். ரூடி தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னான். மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிறு குலுங்கச் சிரித்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

"என்ன மாப்பிள்ளை?"

"மச்சான்... இவங்க பாஷையில ஆயோன்னா, வா, போவலாம்னு அர்த்தமாம். நம்ம மலையேறுறப்ப முனகுனமே, சீக்கிரம் நட, சீக்கிரம் நடன்னு விரட்டுறோம்னு நெனச்சிருக்கான். அங்க நான் ஐயோங்கிறேன், இவனுக்கு, போவலாம் போவலாம்னு கேக்குது. நமக்கு எரிமலை ரொம்பப் புடிச்சுப் போச்சின்னு கைதட்டிருக்கான்."

"உங்களுக்கு இவங்க பாஷை தெரியும்னீங்களே!"

"பட்டறையில நாங்க பேசுற மலாய்ல போவலாம்னா 'ஜோம்'னு சொல்லுவாங்க மச்சான். இந்த ஆயோவ நான் எங்க கண்டேன்?" மூச்சு வாங்கினார். பிறகு என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். "ஆனா நீங்க என்னைய டேய்னு கூப்பிட்டது மட்டும் நல்லா புரிஞ்சிச்சி. இருங்க, எஸ்தர்ட்ட சொல்றேன்."

நான் சிரிக்கவில்லை. ரூடி சட்டையை நகர்த்தித் தோளை ஓடைத் தண்ணீரில் நனைத்தான். என் கல் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. அந்தத் தோளில்தான் அவரைத் தூக்கி வந்திருக்கிறான். மன்னிப்பு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். சொன்னார். சொன்னேன். ரூடி தலையை அசைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். எண்பதாயிரத்தைப் பெராஸ்தாகியில் கொடுத்தபோது எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனான். போகும்போதும் என்னைப் பார்க்கவில்லை. சரிதான். நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

பகல் 1.00. பெராஸ்தாகி சுகாதார நிலையம். ஒரு நர்சம்மா மருந்து போட்டுக் கட்டினாள். பத்து நாளைக்குச் செருப்புகூடக் கூடாது என்றாள். மாப்பிள்ளை அவளிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் கோபமாக ஏதோ சொல்லிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"என்ன கேட்டீங்க?"

"திங்கக்கிழமை பூட்ஸ் போடலாமான்னு."

ஞாயிற்றுக்கிழமை, பகல் 3.30. சிங்கப்பூர் விமான நிலையம். சக்கர நாற்காலி கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நம்ம கம்பெனி ஆள் யாராவது ஊரிலிருந்து இறங்குவான், பார்த்துவிடுவான் என்றார். சந்தையில் வாங்கிய, இரண்டு சைஸ் பெரிய செருப்புக்குள் கட்டுப்போட்ட காலை மறைத்து, முழுக்கால் சட்டையின் நுனியை இழுத்துவிட்டு, அந்த நீளமான மண்டபத்தை நொண்டாமல் கடந்தார். கடவுச்சீட்டு வரிசையில் அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. உள்ளே பதினெட்டு டிகிரி குளிர். இந்த முறை நான் விடவில்லை.

"மாப்பிள்ளை, ஊருக்கு வந்துடுங்க. கால் ஆறட்டும். பிறகு பாத்துக்கலாம்."

"வந்து?"

அங்கே அவருக்குக் காட்ட என்னிடம் தண்ணீர் வராத இரண்டு ஏக்கர் குத்தகை இருந்தது.

"நாளைக்கு லாரி ஏறாதீங்க. நான் சொல்றேன்."

"மச்சான்," என்றார், மெதுவாக, முதுகில் தட்டுவது மாதிரி. "எரிமலை பாக்கணும்னு சொன்னீங்க, கூட்டிட்டுப் போனேன். இதச் சொல்லாதீங்க."

திங்கட்கிழமை, காலை 5.50. சிராங்கூன் சாலையில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து டாக்சி பிடித்து, தொழிலாளர் விடுதி வாசலுக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள். கம்பிக்கு வெளியே நின்றேன். லாரிகள் வரிசையாக நின்றன, மூடாத லாரிகள். எங்கள் பக்கத்தில் நெல் மூட்டையும் மாடும் ஏற்றுகிற அதே ரக லாரி. இந்த ஊரில் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, மரங்களுக்குக்கூட எண் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் கட்டுகிறவனை மட்டும் மூட்டை மாதிரித்தான் ஏற்றுகிறார்கள்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். நீலச் சட்டை, மஞ்சள் தொப்பி, இரண்டு காலிலும் பூட்ஸ். அந்தக் கட்டோடு காலை அதற்குள் எப்படி நுழைத்தார் என்று எனக்குத் தெரியாது. கட்டை அவிழ்த்துவிட்டு நுழைத்தார் என்பது பிறகு தெரிந்தது. பாலித்தீன் பை சுற்றி. லாரியின் பின்கதவு இடுப்பு உயரம். மேலிருந்து ஒருவன் கை நீட்டினான். சூப்பர்வைசர் அட்டையில் டிக் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வலது காலைத் தூக்கி வைத்தார். பிறகு இடது காலை ஊன்றி எம்பினார். எம்பும்போது அவர் முகம் கம்பிப் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. வலியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

லாரி போய்விட்டது. நான் செவ்வாய்க்கிழமை சென்னைக்கு விமானம் ஏறினேன்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஊர் திரும்பியதும் அந்த ஊரின் சுத்தத்தையும் நம் ஊரின் குப்பையையும் ஒப்பிட்டு முடிப்பார்கள். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லுத்தரன் கோயிலில், பிரசங்கத்துக்கு முன் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள். வீட்டில் நடந்த நன்மை எதுவோ அதை ஒரு கவரின் மேல் எழுதிக் காணிக்கையோடு கொடுத்தால், உபதேசியார் சபை முன்னால் காரணத்தைச் சொல்லி வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். பரீட்சை பாஸ், சுகப்பிரசவம், பாம்பு கடித்துப் பிழைத்த மாடு, எல்லாம் வரும். அன்று உபதேசியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: "திருமதி எஸ்தர் ஜெயசீலன், சிங்கப்பூரில் தன் கணவரின் வேலையைக் கர்த்தர் பாதுகாத்ததற்காக."

"ஆமென்" என்றது சபை.

என் தங்கை இடைவழிக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், முக்காட்டோடு குனிந்திருந்தாள். கோயில் விட்டு வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டேன்.

"கால பத்தி ஏன் எழுதல? கால் ஆறணும்னு ஜெபம் கேட்டிருக்கலாம்ல?"

சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "மெதுவாப் பேசு அண்ணே. அவருக்கு இன்னும் ஆறல. புண்ணுல சீழ் வக்கிது, ராத்திரி காய்ச்சலோட ஷிஃப்டுக்குப் போறாரு. இங்க பாதி வீட்டுப் பிள்ளைவ அதே கம்பெனியிலதான் இருக்கு. உபதேசியாரு காலுன்னு ஒரு வார்த்தை வாசிச்சார்னா, சாயங்காலத்துக்குள்ள போன் போயிடும், நாளைக்கு சூப்பர்வைசர் பூட்ஸைக் கழட்டச் சொல்லுவான்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான் வேலைன்னு மட்டும் எழுதினேன். காலப் பத்தி நான் வீட்ல தனியா ஜெபத்துல சொல்லிக்கிறேன்."

எங்களைக் கடந்து போன இரண்டு பெண்கள் அவளுடைய தோளைத் தொட்டார்கள். "வேல போவலையே, அது போதும் எஸ்தர்" என்றாள் ஒருத்தி. என் தங்கை சிரித்து, "ஆமாங்க, ஸ்தோத்திரம்" என்றாள்.